நீலா அப்பா

இதில் ஒரு வரிகூட இட்டுக்கட்டியது இல்லை. நம்பாதவர்கள் தேவகனியையே கேட்டுப் பாருங்கள். பெண்கள் உட்காருவதற்கென்று தனி அறை எங்கே இருந்தாலும் அவள் உள்ளே போக மாட்டாள். பஸ் ஸ்டாண்டானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி, வெளியே வெயிலில் கால் கடுக்க நிற்பாள். ஏன் என்று கேட்டால், "காத்து வேணும்"பாள். காற்றுக்காக இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஓர் ஆம்பளை வருகிறான். அவன் பெயரை மட்டும் நான் எழுதப் போவதில்லை. பயந்துகொண்டு மறைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். காரணம் கடைசியில் தானாக வரும்.

நடந்தது 2005 ஜூலை மாதம், அல் ஐனில். ராத்திரி இல்லை. பட்டப்பகல். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வெயில்.

தேவகனிக்கு ஊர் மணப்பாடு. அல் ஐனில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். புருஷன் ஜான் பீட்டர் மஸ்கட்டில், ரூவியில் ஏசி மெக்கானிக். இவள் ஒரு பழைய வில்லாவில் கட்டில் வாடகைக்கு இருந்தாள். அந்த மே மாதம் பக்கத்துக் கட்டிலுக்குச் சிவகங்கைப் பக்கத்திலிருந்து கனகா என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். விசிட் விசா. கையில், அதுவரை அல் ஐனிலேயே அக்கம்பக்கத்தார் வைத்திருந்த ஏழு வயசுப் பிள்ளை ஒன்று. நீலா.

நீலா என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர்; பாஸ்போர்ட்டில் வேறு பெயர். கனகாவின் தங்கச்சி மகள். தங்கச்சி நாகவள்ளி அந்தப் பிப்ரவரியில்தான், அதே அல் ஐனில், இறந்துபோயிருந்தாள். அடுப்படியில் கேஸ் பிடித்துவிட்டது என்று சொன்னார்கள். அன்றையிலிருந்து பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. பசித்தால் தட்டைக் காட்டும். தூக்கம் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

நீலாவின் அப்பா அங்கேயே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பெண்டாட்டி போன பிறகு பிள்ளையை எட்டிக்கூடப் பார்க்காதவன், ஜூலையில் திடீரென்று வந்து நின்றான். பிள்ளையை ஊருக்குக் கூட்டிப் போகிறானாம். வியாழக்கிழமை ராத்திரி ஃபிளைட். டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

கனகா போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். கூடப் போன தேவகனிக்கு ஆஸ்பத்திரி அரபி கொஞ்சம் வரும். அங்கே சொன்னது இதுதான். பிள்ளை யார்கிட்ட இருக்கணும்னு கோர்ட்டு எழுதியிருந்தால் அந்தக் காகிதத்தைக் கொண்டு வா. வியாழன் காலையில் ரெண்டு பேரும் வாங்க. காகிதம் இல்லையா? பிள்ளை அப்பாவோடு போகும்.

"காயிதம் இருக்கு தாயி," என்றாள் கனகா, ரூமுக்கு வந்து. "போன வருசம் நாகு போன்ல சொன்னா. எக்கா, கோர்ட்டுல எழுதி வாங்கிட்டேன், நீலா எங்கூடத்தான், எனக்கு ஒண்ணுன்னா ஒங்கூடத்தான்னு சொன்னா. அந்தக் காயிதமும் அவளோட சேந்து எரிஞ்சிருச்சு."

"கோர்ட்டுல ஒரு காப்பி இருக்கும்லா? நான் போய்ப் பாக்கேன். நீ பிள்ளைய விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகராத."

"அந்தாளு கையில பிள்ளையக் குடுத்தா நான் உசுரோட இருக்க மாட்டேன், பாத்துக்க."

அப்போதெல்லாம் அங்கே, போலீஸ் தவிர, கவர்மெண்டு ஆபீஸுக்கெல்லாம் வியாழனும் வெள்ளியும் லீவு. ஆக, தேவகனி கையில் இருந்தது புதன்கிழமை ஒன்றுதான். டூட்டியை மாற்றிக்கொண்டு காலையிலேயே கோர்ட்டுக்குப் போனாள்.

பழைய ஃபைல்கள் எல்லாம் பின்பக்கக் கட்டடத்தில். அங்கே கட்டுகளை எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தவர் கலீலுர் ரஹ்மான். காயல்பட்டினத்துக்காரர். மணப்பாடு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"பக்கத்து ஊராயிட்டீங்களே சிஸ்டர்! பேரச் சொல்லுங்க. பொம்பள பேரு வேணாம். பழைய கட்டு மேல எல்லாம் புருஷன் பேருதான் இருக்கும்."

தேவகனி சொன்னாள். அவர் உள்ளே போய் அரைமணி நேரம் கழித்துத் தும்மிக்கொண்டே வந்தார்.

"இல்லியே."

"நல்லாப் பாத்தீங்களா பாய்?"

"நம்ம ஊரு பேர அரபில எழுதுனா எங்க உம்மாக்கே அடையாளம் தெரியாது சிஸ்டர். அவங்கள்ட்ட நம்ம எழுத்துல பாதி கிடையாது. போன மாசம் ஒரு பழனிச்சாமிய நாலு நாளு தேடுனேன். கடைசில 'பலானி'ன்னு கெடக்காரு மனுஷன்."

தேவகனிக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அவள் சிரித்தது அதோடு சரி... இல்லை, இன்னொரு தரமும் சிரித்தாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பெயரை எப்படியெல்லாம் உடைக்க முடியுமோ அப்படியெல்லாம் உடைத்து, நீட்டி, குறுக்கிச் சொல்லிப் பார்த்தாள். காலை முழுக்க அதே பெயர்தான் அவள் வாயில். ஒன்றிலும் இல்லை. பாங்கு சொல்லிவிட்டார்கள்.

"தொழுதுட்டு ஒரு வாய் சாப்ட்டு வந்துடுறேன்," என்றார் கலீல். "ரெண்டு மணிக்கு கலாஸ், பூட்டிருவாங்க. அப்புறம் சனிக்கிழமதான். லேடீஸ் ரூம்ல ஏசி இருக்கு, போய் உக்காருங்க."

சனிக்கிழமை எதற்கு? அப்போது பிள்ளை எங்கே இருக்குமோ.

அந்த அறை வராந்தாவின் கடைசியில். மங்கல் கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி. சன்னலில் பழைய ஏசி ஒன்று... கொர்ர்ர்... கொர்ர்ர்... என்று ஓடிக்கொண்டிருந்தது.

மூலை நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள்.

அரக்குக் கலர் நைலக்ஸ் சேலை. முப்பது வயசுக்குள்தான் இருக்கும். வலது கையால் வாயைப் பொத்தியிருந்தாள். கோர்ட்டுக்கு வருகிற பெண்கள் அப்படித்தான், அழுகையை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். தேவகனி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்ம ஊர்ச் சேலையைப் பார்த்ததும் பேச்சுத் துணை கிடைத்ததே என்றுதான் இருந்தது. ரெண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

"ஃபைலு தேடுறீகளா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா. காலைலேருந்து. புருஷன் பேர்ல தேடணுமாம். கெடைக்கல."

"அந்தப் பேர்ல கெடைக்காது."

"ஏன்?"

"டைப் அடிக்கிற கடையில கேப்பாகல்ல, ஒம் புருசன் பேரு என்னன்னு? புருசன் பேர எப்பிடி வாயால சொல்றது?"

தேவகனி சிரித்துவிட்டாள். இதுதான் நான் சொன்ன ரெண்டாவது சிரிப்பு.

"நல்லாருக்கு போங்க! நான் எங்க வீட்டுக்காரர ஜானு ஜானுன்னு தெருவுக்கே கேக்கக் கூப்பிடுவேன். அவரு அடுத்த தெருவுல நின்னுட்டு 'என்னட்டீ'ம்பாரு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"எங்கம்மா சொல்லிவிட்டுச்சு. பேரச் சொன்னா அவுகளுக்கு ஆயுசு கொறையுமாம். பதினஞ்சு வயசுல கட்டிக் குடுத்தாக. ஒரு தடவகூடச் சொன்னதில்ல. அடிச்சப்பக்கூடச் சொன்னதில்ல."

"அப்போ டைப் கடையில என்னதான் சொன்னீங்க?"

"எப்பிடிக் கூப்புடுவனோ அதச் சொன்னேன்."

டக்.

ஏசி நின்றது.

அதுவரை தெரியாத அமைதி அப்போதுதான் தெரிந்தது. வராந்தாவில் ஆள் நடமாட்டமே இல்லை. எங்கோ குழாயில் தண்ணீர்... சொட்... சொட்...

ரெண்டு நிமிஷத்தில் தேவகனியின் முதுகு நனைந்துவிட்டது. நெற்றியைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். அந்தப் பெண்ணின் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

அப்புறம் ஒரு வாசனை வந்தது.

தேவகனி திருநெல்வேலியில் பயிற்சி எடுத்தபோது மூன்று மாதம் தீக்காய வார்டில் போட்டிருந்தார்கள். அந்த வெள்ளைக் களிம்பு வாசனை நர்ஸுகளுக்கு மறக்காது. சோற்றில் கை வைத்தால்கூட அடிக்கும்.

அதே வாசனை.

வாயைப் பொத்தியிருந்த விரல்களைப் பார்த்தாள். நக ஓரங்களில் வெள்ளையாக... ஏதோ காய்ந்துபோய்...

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இவ்வளவு நேரம் இவள் வாயைப் பொத்திக்கொண்டுதானே பேசுகிறாள்?

குரல் அமுங்கவே இல்லையே.

தெளிவாகக் கேட்கிறது. காதோரத்தில் வந்து சொல்கிற மாதிரி.

"எப்படி..." தேவகனி ஒரு நாற்காலி தள்ளி நகர்ந்தாள். "எப்படிக் கூப்பிடுவீங்க?"

"நீலா அப்பா."

தேவகனி எழுந்திருக்கப் பார்த்தாள். காலிலிருந்து ஒரு செருப்பு கழன்று நாற்காலிக்கு அடியில் போய்விட்டது.

"எம்பிள்ள பேசுதா?"

தேவகனி தலையை ஆட்டினாள். இல்லை.

"பாவம். அதுதான் பாத்துக்கிட்டு நின்னுச்சு."

சொட்...

"எனக்கு ஒரு ஒத்தாச பண்ணுங்க. அவுக பேர ஒரே ஒரு தடவ சொல்லுங்க. என்னால ஆகல. செத்தும் வர மாட்டேங்குது."

கதவு பத்தடிதான். ஓடியிருக்கலாம். ஆனால் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற அந்தப் பிள்ளையின் முதுகு தேவகனியின் கண்முன் வந்து நின்றதாம்.

சொன்னாள். முழுப் பெயரையும் சொன்னாள்.

அந்தப் பெண் கண்ணை மூடிக் கேட்டாள்.

"போதும். இனி அது எங்கிட்டயே இருக்கட்டும்."

கையை எடுத்தாள்.

அங்கே...

அங்கே என்ன இருந்தது என்று தேவகனி இன்றுவரை சொன்னதில்லை. ஜான் பீட்டரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. வாய் இருந்ததா என்று கேட்டால் "இருந்துச்சு"ன்னு மட்டும் சொல்வாள். ஒரு தடவை, "இல்ல"ன்னு சொன்னாள்.

கலீல் திரும்பி வந்தபோது அவள் வராந்தாவில் ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தாள்.

"என்ன சிஸ்டர், மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? வெயிலு அடிச்சிருச்சா?"

"பாய்... ஒரு பொம்பள புருஷன் பேரச் சொல்லாம, பிள்ள பேரச் சொல்லி 'நீலா அப்பா'ன்னு சொன்னா, டைப் அடிக்கிறவன் அரபில என்னன்னு அடிப்பான்?"

கலீல் ஒரு நிமிஷம் யோசித்தார். "அவனுக்கு என்ன தெரியும்? இங்க அப்படித்தான கூப்பிடுவாங்க. அபூன்னா அப்பா. அபூ நீலான்னு..." அப்படியே நிறுத்திக்கொண்டார். "யா அல்லாஹ். அது அரபி ஆளுங்க கட்டுல போயிருக்கும் சிஸ்டர். அதத் தொட்டே பாக்கல நான்."

ஓடினார். அஞ்சு நிமிஷத்தில் வந்தார். கையில் ஒரு மெல்லிய பச்சை ஃபைல்.

வாதி, நாகவள்ளி. பிரதிவாதி, அபூ நீலா. பாஸ்போர்ட் எல்லாம் அவன் பூட்டி வைத்திருந்ததால் வெறும் வாய்வார்த்தையில் போட்ட கேஸ். நோட்டீஸ் அபூ நீலாவைத் தேடிப் போய்த் தேடிப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. ஆள் வராமலே தீர்ப்பும் ஆகியிருக்கிறது. பிள்ளை அம்மாவோடு, அம்மாவுக்குப் பின் பெரியம்மாவோடு.

சீல் குத்திய காப்பியை வாங்கிக்கொண்டு தேவகனி டாக்ஸியில் ஏறினாள். மற்றச் செருப்பை எடுக்க அந்த அறைக்குப் போகவில்லை. வில்லாவில் கனகா காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்டாள், எப்படிக் கெடச்சுச்சு என்று.

"உன் தங்கச்சிக்கு அரக்குக் கலர்ல நைலக்ஸ் சேலை இருந்துச்சா?"

"நான் எடுத்துக் குடுத்ததுதான் தாயி. அதக் கட்டியிருந்தப்பதான் தீப் பிடிச்சுச்சாம். ஏன் கேக்குற?"

தேவகனி ஒன்றுமில்லை என்றுவிட்டாள்.

மறுநாள் காலை ஸ்டேஷன். நரைத்த தாடியோடு ஒரு பெரிய அதிகாரி. தேவகனி மொழிபெயர்க்க நின்றாள். கனகா மடியில் பிள்ளை. எதிரே அவன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ரெண்டு டிக்கெட்.

அதிகாரி காகிதத்தைப் படித்தார். அவன் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். மறுபடியும் காகிதம்.

"இது அபூ நீலா என்பவர் மேல் உள்ள தீர்ப்பு. இவர் பெயர் வேறு அல்லவா?"

கனகாவுக்கு மொழி புரியவில்லை. ஆனால் தேவகனியின் முகத்தைப் பார்த்தே பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. உதட்டோரம் ஒரு சிரிப்பு. தமிழில் சொன்னான், "யாரோ அரபிக்காரன் காயிதத்தத் தூக்கிட்டு வந்துருக்காளுக. யாரு சார் அது அபூ நீலா? எம்பிள்ளயக் குடுங்க, ஃபிளைட்டுக்கு நேரமாகுது."

அதிகாரி பேனாவை எடுத்தார். எழுதுவதற்காகச் சும்மா கேட்டார்.

"உன் பெயரென்ன?"

அவன் வாயைத் திறந்தான்.

மூடினான்.

மறுபடி திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. பேச்சு நின்றுபோகவில்லை, "அது... அது வந்து..." என்று வருகிறது. பெயர் மட்டும் வரவில்லை.

"பெயர்?"

அவன் வலது கை தானாக எழுந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாருடைய கையோ மாதிரி. கை வந்து வாயைப் பொத்தியது.

"நீலா அப்பா," என்றான்.

தேவகனி ஒரே சொல்லில் மொழிபெயர்த்தாள். "அபூ நீலா."

அதிகாரியின் பேனா நின்றது.

அவனையே பார்த்தார். அப்புறம் மெதுவாக எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து அவர் சொன்னதைத் தேவகனி கனகாவுக்கு உடனே மொழிபெயர்க்கவில்லை. முடியவில்லை.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரிக்குப் போய் நாகவள்ளியிடம் வாக்குமூலம் வாங்கியதே அவர்தானாம். உடம்பு முழுக்கக் கட்டு. யார் தீ வைத்தது என்று கேட்டிருக்கிறார். அவள் ரெண்டே வார்த்தை சொன்னாள். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் அதை அரபியில் சொன்னார். பெயரைச் சொல், பெயரைச் சொல் என்று கேட்கக் கேட்க, அந்தப் பொம்பளை கட்டுப் போட்ட கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாளாம். அப்படியே போய்விட்டாள்.

அபூ நீலா என்கிற ஆளை அந்த வட்டாரம் முழுக்க ரெண்டு மாதம் தேடியிருக்கிறார்கள். நீலா என்பது அந்தப் பிள்ளையின் வீட்டுப் பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது; அப்படி ஒருத்தன் இல்லவே இல்லை. விபத்து என்று மூடிவிட்டார்கள்.

அன்று ராத்திரி ஃபிளைட்டில் அவன் போகவில்லை. அவனை எங்கேயும் விடவில்லை. டாக்டர்கள் பார்த்தார்கள், நாக்கில் கோளாறு இல்லை என்றார்கள். பெயர் கேட்டால் மட்டும் கை எழும். அதே ரெண்டு வார்த்தை.

நான் ஏன் அவன் பெயரை எழுதவில்லை என்று இப்போது சொல்கிறேன். எனக்குத் தெரியாது. எனக்குச் சொன்ன தேவகனிக்கும் தெரியாது. ஒரு காலை முழுக்க ஓயாமல் சொன்ன பெயர், அந்த அறையில் சொன்னதோடு போய்விட்டது. ஸ்டேஷனில் அவன் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிப் படித்திருக்கிறாள். தலையை நிமிர்த்துவதற்குள் மறந்துவிட்டதாம்.

கனகா ஆகஸ்டில் நீலாவை ஊருக்குக் கூட்டிப் போனாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றைக்குத் தேவகனிக்குப் போன் போட்டாள்.

"பிள்ள பேசிருச்சு தாயி."

"ஆண்டவரே! என்ன பேசிச்சு?"

"இன்ஷியல் போடணும், அப்பா பேரு என்னம்மான்னு டீச்சர் கேட்டாக. எனக்கு ஞாபகம் வரல. பிள்ள சொல்லிருச்சு. நீலா அப்பான்னு."

"பெறகு என்ன? சந்தோசப்பட வேண்டியதுதான?"

கனகா போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வாயப் பொத்திக்கிட்டுச் சொல்லுச்சு தேவகனி. ஆனா கொரலு... அமுங்கவே இல்ல."